இடம் போட்டவள்

கூடையை வைத்துவிட்டாள். வைத்த கையை எடுக்க மனசு வரவில்லை மயிலாத்தாளுக்கு. அடைகாக்கிற கோழி மாதிரி உள்ளங்கையை அதன் மேலேயே கவிழ்த்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பார்க்க ஒன்றுமில்லை, டிரைவர் மாரப்பன் முன்கண்ணாடியில் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தான், தினமும் துடைக்கிறவன்தான், இன்றைக்கு என்னவோ தேர்ச் சக்கரத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறவன் மாதிரி தெரிந்தான். கூடை என்றால் வெறும் ஒயர் கூடைதான். பச்சையும் மஞ்சளுமாக அவளே பின்னியது. உள்ளே தூக்குப்போசியில் தக்காளிச் சாதம், சின்ன டப்பாவில் கொள்ளுத் துவையல், துவையல் அவளுக்கில்லை, தாரணிக்கு. இதைப் பக்கத்து இடத்தில் வைத்ததற்கா நெஞ்சு இந்தப் போடு போடுகிறது? நாற்பத்தொரு வயசு, ரெண்டு பிள்ளை பெற்றாயிற்று, பதினாலு வருசம் இதே பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டாயிற்று, இப்போது போய் முதல் நாள் பள்ளிக்கூடம் போகிறவள் மாதிரி வயிற்றுக்குள்ளே பட்டாம்பூச்சிகூட இல்லை, வெட்டுக்கிளி, அதுவும் ஒரு கூட்டமே குதிக்கிறது. காலையில் பல் விளக்கினோமா? விளக்கினோம். கடுகு நிறப் புடவை கட்டியிருக்கிறோம், விசேசத்துக்கு என்று எடுத்து வைத்தது, வீட்டுக்காரர் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கீங்கம்மிணி கல்யாணம் என்று கேட்டார். கல்யாணமில்லை, கம்பெனிதான் என்றாள். அவர் நம்பவில்லை. அவளுக்கே நம்பிக்கை இல்லை. பத்து மணிக்குக் கம்பெனி ஆபீஸ் மாடியில் விசாரணைக் கமிட்டி உட்காரும். நாலாவது தடவை. முதல் தடவைக்கு அப்புறம் ரெண்டு தடவை தாரணி வரவில்லை, மூன்றாவது தடவையும் வராமல் போனால் புகாரை அப்படியே முடித்து வைத்துவிடலாமாம், சட்டத்தில் இடம் இருக்கிறதாம், வெளியிலிருந்து கமிட்டிக்கு வருகிற வக்கீலம்மா சொன்னார். ரெண்டு தடவை வரவில்லை, இன்றைக்கு வராவிட்டால் அது மூன்றாவது. முதல் தடவை வந்தாளே, அதைச் சேர்க்கக் கூடாது. முதல் தடவை வந்தாள். வந்து சொன்னாள். சொன்னதை மயிலாத்தா... வேண்டாம், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, வண்டி கிளம்பட்டும்.

கம்பெனி வண்டி கிளம்பியது. ஏழு பத்து. இவளுடையது முதல் நிறுத்தம், அதனால் எப்போதும் உட்கார இடம் உண்டு, இடதுபக்கம் நாலாவது வரிசை, ஜன்னலோரம். தாரணியுடையது ஏழாவது நிறுத்தம், கல்லாங்காட்டுப் பிரிவு. ஏழாவதுக்கு வருவதற்குள் வண்டி நிறைந்து பிதுங்கும், அதனால்தான் அவரவருக்கு ஒருத்தி இடம் போட்டு வைப்பது. இடத்தில் பை இருந்தால் ஆள் உண்டு என்று அர்த்தம். எவளும் தொட மாட்டாள், கர்ப்பிணியாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள், அப்படி ஒரு கட்டுப்பாடு, கம்பெனி போட்ட சட்டமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. மூன்று வருசமாக இந்தப் பக்கத்து இடம் தாரணிக்குத்தான். ஏறியதும் அந்தப் பெண் தூங்கிவிடும், தோளில் தலை விழும், எண்ணெய் வாசம், வாய் கொஞ்சம் திறந்திருக்கும், கம்பெனி வளைவு வந்ததும் இவள் முழங்கையால் ஒரு இடி இடித்தால் எழுந்து, வந்திருச்சாக்கா என்று கேட்கும். நேற்றுச் சாயங்காலம் போன் பண்ணியபோது எடுப்பாள் என்று மயிலாத்தா நினைக்கவே இல்லை. எடுத்தாள். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம், அப்புறம் மிக்ஸி நின்றது, அப்புறம் மூச்சு. இவள் யோசித்து வைத்திருந்த அத்தனையும் மறந்துவிட்டது. நாளைக்கு வண்டியில உனக்கு இடம் போட்டு வெக்கறேன் கண்ணு, என்று மட்டும் வந்தது. தாரணி கேட்டாள்: “பையை எங்க வெப்பீங்க?” கத்தி எடுத்துக் குத்தவில்லை, சும்மா கேட்டாள், கடையில் விலை கேட்கிற மாதிரி. இவள் சொன்னாள், நீ ஏறுற வரைக்கும் உன்ற இடத்துல, நீ ஏறுனதும் என்ற மடியில. அதற்கு அவள் வரேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாக்கறேன் என்றாள். பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம்? பாக்கறேன் என்றால் பாதி வரேன். பாதி வருகிறவளுக்கு முழு இடம் போட்டாயிற்று.

ரெண்டாவது நிறுத்தத்தில் லோகநாயகி ஏறினாள், லோகு. சிங்கர் மிஷின் டைலர், நாக்கும் அதே வேகத்தில் ஓடும். ஏறியதுமே கடுகு நிறப் புடவையைப் பார்த்துவிட்டாள், பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கம்பெனிக்கே வராங்களாக்கா என்றாள், பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள், மயிலாத்தாவும் சிரித்துவிட்டாள், ஒரு நொடிக்கு உண்மையிலேயே யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரிதான் இருந்தது. கூடை யாருக்கு என்று லோகு கேட்டதற்கு, வர்றவளுக்கு என்றாள். வர்றவள் யார் என்றால், வந்தாத் தெரியும். லோகு கண்ணைச் சுருக்கினாள். ஊசியில் நூல் கோர்க்கிறபோது சுருக்குகிற கண். புரிந்துவிட்டது என்று மயிலாத்தாவுக்குத் தெரிந்தது, புரியட்டுமே, புரிந்தால் என்ன, சொல்லிவிடலாமா இப்போதே, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிடலாமா, வாயைத் திறந்தால் பாட்டாகக்கூட வந்துவிடும் போல இருக்கிறது, இத்தனை நாள் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி இருந்தது இன்றைக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வேண்டாம். முதலில் கேட்க வேண்டியவள் கேட்கட்டும். லோகுவுக்கு முதல் பந்தி கிடையாது.

சோளக்காடு பின்னால் ஓடியது. வெயில் இன்னும் ஏறவில்லை, கதிரெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வண்டியைத்தான் பார்க்கின்றன. கை கூடை மேலேயே இருக்கிறது, கை வேர்த்துவிட்டது. இதே கூடை. இதே இடம். ஏழு வாரத்துக்கு முன்னால், முதல் விசாரணைக்கு மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை இதே கூடையை இதே இடத்தில்தான் வைத்தாள், ஏழாவது நிறுத்தத்தில் தாரணி ஏறி நேரே இங்கே வந்தாள், பழகிய மாடு தொழுவத்துக்கு வருகிற மாதிரி வந்தாள், வந்து நின்றாள். இவள் கூடையை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்திருந்தால் ரெண்டு விரல் வேலை. அந்தப் பெண் கூடையைப் பார்த்தது, இவளைப் பார்த்தது, அக்கா என்றுகூடக் கூப்பிடவில்லை. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பதினோரு கிலோமீட்டர். அதுகூடப் போகட்டும், நிற்கிறவள் பையை உட்கார்ந்திருக்கிறவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது உண்டில்லையா, முன்னப்பின்னத் தெரியாதவளாக இருந்தாலும் கை நீட்டிக் குடும்மா என்று வாங்குவோமே, டவுன் பஸ்ஸில் எத்தனை பேர் பையை வாங்கியிருப்போம், ஒரு தடவை ஒருத்தியின் கோழிக்குஞ்சைக்கூட மடியில் வைத்துக்கொண்டு வந்தாளே இவள். அன்றைக்கு முப்பத்திரண்டு மடி இருந்தது வண்டியில். தாரணியின் பை அவள் தோளிலேயே கிடந்து ஒவ்வொரு வளைவுக்கும் அவள் விலாவில் இடித்தது. டங், டங். உள்ளே சோற்று டப்பா. அந்தச் சத்தத்தை இவள் கேட்டுக்கொண்டே வந்தாள். மறுநாளிலிருந்து அவள் வண்டிக்கு வரவில்லை, கம்பெனிக்கும் வரவில்லை. அந்த டங் மட்டும் வந்துகொண்டே இருந்தது, சாமான் துலக்கும்போது, குக்கர் மூடி வைக்கும்போது. இன்றைக்கு வரவில்லை. இன்றைக்குக் காலையிலிருந்து அந்தச் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது நிறுத்தம், நாலாவது நிறுத்தம். வளையல், பூ, ஈரக் கூந்தல், பவுடர், வண்டி நிறைய நிறைய வெப்பம். ஏன் எடுக்கவில்லை கூடையை? பயம். என்ன பயம்? பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்டுவிடுவாள் என்று பயம், நீங்கதானே அனுப்பினீங்க என்று. அவ்வளவுதான். ஒரு ஸ்டிக்கர் சுருளில் ஆரம்பித்தது எல்லாம். செக்கிங்கில் பீஸில் எங்கே ஓட்டை, எங்கே கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு இவள் சுருள் தீர்ந்துவிட்டது, கால் வலி, படி ஏற முடியாது, ஒரு எட்டு ஸ்டோருக்குப் போய் ஒரு சுருள் எடுத்துட்டு வா கண்ணு என்றாள். தாரணி எழுந்து போனாள். போகும்போது இவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள், டீ வாங்கித் தரணும் என்று. ஸ்டோரில் சூப்பர்வைசர் சிவசங்கர் இருந்தான். கதவைச் சாத்தினான். அதற்கப்புறம் நடந்ததைத் தாரணி முதலில் சொன்னது இவளிடம்தான். கம்பெனிக் கக்கூஸுக்குப் பக்கத்தில், கை கழுவுகிற குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு அடியில் சொன்னாள். கையில் ஸ்டிக்கர் சுருள் இருந்தது. அதை விடாமல் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், பாவி மகள், கேட்டதை எடுத்து வந்திருந்தாள். கேட்டு முடித்ததும் மயிலாத்தா வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன? அதுதான். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது ஒவ்வொரு தடவையும், முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி. ஐயோ என்று வரவில்லை. அவன் கையில புத்து வெக்க என்று ஒரு சாபம்கூட வரவில்லை. ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்ல கண்ணு, என்றாள். அதுதான் முதல் சொல். தாரணி குழாயை மூடினாள். ரொம்ப மெதுவாக, இறுக்கி, ஒரு சொட்டுகூட விழாதபடி மூடினாள்.

சத்தம் போட்டிருக்கலாமில்ல. இவள் பதினோரு வயசில் சோளத்தட்டு அறுக்கிறபோது கால் மேல் நாகம் ஏறிப் போனது. பாதத்தின் மேல், குளுகுளுவென்று, நீளமாக, முடியவே முடியாத நீளம். நின்றாள். கத்தவில்லை, ஓடவில்லை, கையிலிருந்த அரிவாளை ஓங்கவில்லை. தொண்டை இருந்ததே தெரியவில்லை. போனதற்கு அப்புறமும் ரொம்ப நேரம் நின்றாள். அப்பன் ஓடி வந்து தூக்கிக்கொண்டார், ஊரே கெட்டிக்காரப் புள்ள, ஆடாம நின்னுது பாரு என்றது, கருப்பராயன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். ஏன் கத்தவில்லை என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. ஏன் சோளக்காட்டுக்குப் போனாய், ஏன் செருப்பில்லாமல் போனாய், பாவாடையை ஏன் தூக்கிச் செருகியிருந்தாய் என்று யாருமே கேட்கவில்லையே, முப்பது வருசமாயிற்று, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. இது ஏன் அன்றைக்குக் குழாயடியில் ஞாபகம் வரவில்லை? ஞாபகமும் அந்த நாகம் மாதிரிதான், வேண்டியபோது வராது. அப்புறம் அந்த முதல் விசாரணை. தாரணி, மயிலாத்தாக்கா அனுப்புனாங்க, அதுக்குத்தான் போனேன் என்று சொல்லியிருந்தாள். சிவசங்கரோ அவளாகத்தான் வந்தாள், அந்த நேரத்துக்கு ஸ்டோரில் அவளுக்கு என்ன வேலை என்று சொல்லியிருந்தான். வக்கீலம்மா இவளைக் கூப்பிட்டுக் கேட்டார், நீங்க அனுப்புனீங்களா. சீலிங் ஃபேன் சுற்றியது. அனுப்பினேன் என்றால் நீ ஏன் அனுப்பினாய் என்று கேட்பார்கள், உனக்கும் அவனுக்கும் என்ன ஏற்பாடு என்றுகூடக் கேட்பார்கள், ஊர் வாய் அப்படித்தானே. “ஞாபகமில்லைங்க,” என்றாள். மூன்று சொல்கூட இல்லை. அந்த ஒன்றரைச் சொல்லில் தாரணி பொய்க்காரி ஆனாள். மதியச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது, அவளாத்தான் போனாளாம். சிவசங்கரை வேறு யூனிட்டுக்கு அனுப்பி வைத்தார்கள், விசாரணை முடிகிற வரைக்கும். அவனுக்கு அங்கே நாற்காலி உண்டு. தாரணிக்கு வண்டியில் ஒரு இடம் இல்லை.

அஞ்சாவது நிறுத்தத்தில் புதுசாக ஒரு பெண் ஏறியது, பத்தொன்பது இருபது வயசு, கைமடி வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது, டைலர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற வேலை, பேர் பிரமிளா என்று நினைவு. நாள் பூராவும் நிற்கப் போகிற பெண், இப்போதும் நின்றது. பக்கத்தில் ஒயர் கூடை மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. வண்டியே பார்க்க ஆரம்பித்தது. அந்தக் கூடைக்கு டிக்கெட் எடுத்தாச்சாக்கா என்று பின்னாலிருந்து ஒருத்தி. தக்காளிச் சோத்துக்குக் கால் வலிக்குமாம் என்று இன்னொருத்தி. மாரப்பன்கூடக் கண்ணாடியில் பார்த்தான். மயிலாத்தாவுக்கு முகம் சுட்டது, ஆனாலும் உதட்டோரம் சிரிப்பு நிற்கவில்லை, திருட்டு மாங்காய் மடியில் வைத்திருக்கிற பிள்ளைக்கு வருகிற சிரிப்பு. பிரமிளாவின் பையைக் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் ரெண்டே ஸ்டாப் கண்ணு, ஆள் வருது, என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் லோகு முன் இருக்கையிலிருந்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். அவளுக்காக்கா இடம்? என்றாள். ஆமாம் என்றாள் இவள். லோகு குரலை ஏற்றவில்லை, அதுதான் மோசம், நல்லது சொல்கிற குரலிலேயே சொன்னாள், நானும் பொம்பளைப் புள்ள வெச்சிருக்கறவதான், எனக்கும் வெசனமாத்தான் இருக்குது, ஆனா ஒரு கேள்வி இருக்குதில்லக்கா, அஞ்சரை மணிக்கு, ஆளில்லாத ஸ்டோருக்கு, தனியா எதுக்குப் போகோணும்? நாலைந்து தலைகள் ஆடின. பிரமிளா கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டது. அந்தக் கேள்விக்குப் பதில் இந்த வண்டியில் ஒருத்தியிடம் இருக்கிறது, அவள் கடுகு நிறப் புடவை கட்டியிருக்கிறாள், அவள் மடியில் பிரமிளாவின் பை, அவள் வாய்க்குள்ளே பதில் சோளப்பொரி மாதிரி வெடித்துக்கொண்டிருக்கிறது. இரு லோகு. இரு. இன்னும் ரெண்டே நிறுத்தம்.

இவள் மனசு மாற ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை, போன வாரம் வியாழக்கிழமை மேஜையில் ஒரு பீஸ் வந்தது, குழந்தைச் சட்டை, வெள்ளை, நெஞ்சுக்கு நேராக ஊசி ஓட்டை. அம்புக்குறி ஒட்டினாள். அடுத்ததிலும் ஓட்டை, அதற்கடுத்ததிலும். துணிக்கட்டில் செருகியிருந்த சீட்டைப் பார்த்தால் எந்த வரிசை, எந்த மிஷின் என்று இருக்கும், பார்த்தாள், நாலாவது வரிசை, ஒன்பதாம் மிஷின், மெக்கானிக்கைக் கூப்பிட்டாள், அவர் போய் ஊசியைக் கழற்றிப் பார்த்தார், முனை மழுங்கியிருந்தது, மாற்றினார். எப்போதும் நடப்பதுதான். பதினாலு வருசத்தில் நீ எதுக்குப் போய் அந்த ஊசிக்கு அடியில படுத்தே என்று எந்தச் சட்டையையாவது கேட்டிருக்கிறோமா என்று தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு வந்தது, சத்தமாகச் சிரித்துவிட்டாள், எதிர்மேஜைக்காரி என்னாச்சுக்கா என்றாள், சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்புக்குறியை இத்தனை வாரமாக எங்கே ஒட்டிக்கொண்டிருந்தோம்? தாரணியின் சுடிதாரில், அவள் உதட்டுச் சாயத்தில், அவள் போனில், டீ கேட்டுத் தோளில் தட்டின கையில். மிஷினைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்புறம் அதுவும் தப்பு என்று பட்டது. அவள் சட்டையா என்ன? ஓட்டை விழுந்த பீஸை ரிஜக்ட் பெட்டியில் போடுவோம். அவளிடம் என்ன குறை இருக்கிறது, பிடித்துப் பார்க்க, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க? ஒன்றுமில்லை. அன்றைக்கும் ஒன்றுமில்லை, இன்றைக்கும் ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் எடுக்கப் போகவே இல்லை, சும்மா காற்று வாங்கப் போனாள் என்றே வைத்துக்கொள், அப்போது மட்டும் என்ன? கதவைச் சாத்தியது கை, அந்தக் கைக்கு ஒரு ஆள் இருக்கிறான். சாயங்காலமே மாடிக்கு ஏறினாள், கால் வலியோடு, ஒவ்வொரு படியாக. அன்றைக்கு இந்தப் படியை ஏறியிருந்தால். சரி, இன்றைக்கு ஏறு. ஆபீசில் வக்கீலம்மாவின் போன் நம்பர் வாங்கிப் பேசினாள். ஞாபகமில்லைன்னு சொன்னவ ஞாபகம் இருக்குதுன்னு மாத்திச் சொல்லலாமுங்களா? சொல்லலாம் என்றார் அந்தம்மா, குரலில் சந்தோசமும் இல்லை திட்டும் இல்லை. ஆனா அந்தப் பொண்ணு வரணும், வரவும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவளுக்கு யாராவது கூட இருக்கணும், என்றார். கூட இருக்கணும். எவ்வளவு சின்ன வேலை. கூட இருப்பதற்குப் பரீட்சை எழுத வேண்டுமா, கூட இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதானே.

ஆறாவது நிறுத்தம் வந்ததும் போனதும் தெரியவில்லை. புளியமரம், கோழிப்பண்ணை, கல் உடைக்கிற இடம், அதோ கல்லாங்காட்டுப் பிரிவு பலகை, பலகைக்கு அடியில்... நாலு பேர். அஞ்சு பேர். மயிலாத்தா இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பச்சைத் துப்பட்டா, இல்லை, அது வேறு பெண். சிவப்பு, இல்லை. ஏறினார்கள், ஒவ்வொருத்தியாக ஏறினார்கள், செருப்பு, செருப்பு, செருப்பு, கடைசிச் செருப்பும் ஏறிவிட்டது. தாரணி இல்லை. போலாமாங்க என்றான் மாரப்பன், கேட்கிற மாதிரிதான் இருந்தது, கியர் போட்டுவிட்டான். எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் வருகைக்குக் கைவிரல் வைக்க வேண்டும், ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிசம், அவன்மேல் தப்பில்லை. பாக்கறேன் என்றாள். பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று பார்த்துவிட்டாள். யார்தான் வருவாள்? நான் வந்திருப்பேனா? வயிற்று வெட்டுக்கிளியெல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியது, அந்த அமைதியில் டங் என்று கேட்டுவிடுமோ என்று பயந்தாள், பயந்த வேகத்திலேயே பிரமிளாவின் பையை அதன் கையில் திணித்துவிட்டு, கூடையை இடத்திலேயே விட்டுவிட்டு, கால்களை மிதித்து, லோகுவை அக்கட்டாலத் தள்ளிக்கொண்டு, படிக்கு வந்துவிட்டாள். ஒரு கால் படியில், ஒரு கால் தார் ரோட்டில். அண்ணா எடுக்காதீங்க, என்றாள். மாரப்பன் என்னமோ சொன்னான், நேரம் என்றோ, வயசான காலத்துல என்றோ. ஒரு கால் கீழே இருக்கிற வரைக்கும் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான், அது வேறு ஒரு சட்டம். நின்றாள். கடுகு நிறப் புடவை காற்றில் படபடத்தது. அப்போது எதிரே பேக்கரிக்குப் பின்னாலிருந்து, தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு தலை வந்தது. முதலில் தலை மட்டும். முடியை இறுக்கிப் பின்னியிருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவள் அங்கேதான் நின்றிருந்தாள், முதலிலிருந்தே, வண்டி வந்ததை, இவள் இறங்கி நின்றதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. பாக்கறேன் என்றாளே. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தாரணி ரோட்டைக் கடந்தாள், ரெண்டு பக்கமும் பார்த்து, அவசரமில்லாமல். மயிலாத்தா கை நீட்டவில்லை, நீட்டலாமா என்று தெரியவில்லை, வழிவிட்டு ஒதுங்கினாள், அவள் ஏறினதும் பின்னாலேயே ஏறினாள். நாலாவது வரிசை வரைக்கும் தாரணி நடந்தாள், அந்த நாலு வரிசை பதினோரு கிலோமீட்டர். கூடைக்கு முன்னால் நின்றாள். மயிலாத்தா அவளைத் தாண்டி ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, ரெண்டு விரலால் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தாரணி இன்னும் உட்காரவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்: “மாடியில போய் என்ன சொல்லப் போறீங்க?”

வண்டி வளைவில் திரும்பியது. லோகு தலையைத் திருப்பாமல் காதை மட்டும் திருப்பியிருந்தாள். அழகாக, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் நெய்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, நாக்கு நுனியில் இருந்தது மட்டும் இருந்தது, அதுவும் சந்தைக்கடைக் குரலில் வந்தது, கடைசி வரிசை வரைக்கும், மாரப்பன் கண்ணாடி வரைக்கும்.

“ஸ்டிக்கர் தீந்து போச்சு, எடுத்துட்டு வான்னு நாந்தான் அனுப்புனேன். அவ சொன்னது நெசம். பொய் சொன்னவ நான்.”

லோகுவின் பின்கழுத்தில் சிவப்பு ஏறுவது இங்கிருந்தே தெரிந்தது. மயிலாத்தாவுக்கு நெஞ்சு வலிக்கிற மாதிரி சந்தோசமாக இருந்தது, அழுகையா என்று பார்த்தாள், இல்லை, அந்த வெட்டுக்கிளிகள்தான், அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. தாரணி சிரிக்கவில்லை. மன்னித்த மாதிரியும் தெரியவில்லை, அது அவள் பாடு, அதைக் கேட்க இவளுக்கு வாய் கிடையாது. அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரமிளாவை நிமிர்ந்து பார்த்தாள், முன்னப்பின்னத் தெரியாத பெண், கை நீட்டி அதன் பையை வாங்கித் தன் மடியில் தன் பைக்கு மேலே வைத்துக்கொண்டாள். அப்புறம், ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற சோளக்காட்டைப் பார்த்தபடியே, மயிலாத்தாவுக்கு மட்டுமல்ல, முழு வண்டிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“இன்னொருக்காச் சொல்லுங்கக்கா.”

மயிலாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கம்பெனி வளைவுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருந்தது.